இயந்திரத்தோடு வராத நிபந்தனை

நெய்வேலி நகரியத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



உணவுப் பாதுகாப்பிலும் உள்ளூர் விவசாயத்திலும் வெளிநாட்டிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர்கள் வழக்கமாக இஸ்ரேலுக்குப் போய்ச் சொட்டுநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். இல்லையென்றால் ஜப்பானில் ஃபுகுவோகாவின் வயலைச் சுற்றிக்காட்டிவிட்டு வருவார்கள். நான் ஜெர்மனிக்குப் போகிறேன். அதுவும் வயல் வழியாக அல்ல, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் வழியாக. நெய்வேலியில் நின்று பேசுகிறவனுக்கு அந்த வழிதான் சரிப்படும்.

வெளிநாட்டிடம் கற்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன? ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீர் தேடிப்போய்க் கருப்பாக ஏதோ மேலே வருவதைக் கண்டது 1930களில். நெய்வேலி லிக்னைட் கம்பெனி தொடங்கியது 1956இல். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது, 1962இல் மின்சாரம் வந்தது. முதல் அனல்மின் நிலையத்தைச் சோவியத் நாட்டுப் பொறியாளர்கள் கட்டித் தந்தார்கள். மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1960களின் நடுவில் லெக்கோ என்ற அடுப்புக் கரி வந்தது, யூரியாத் தொழிற்சாலையும் வந்தது. என் வயதுக்காரர்கள் வீட்டில் லெக்கோ அடுப்பு இருந்திருக்கும். வயலுக்கு நெய்வேலி யூரியா வாங்கியவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். ஆக, சோற்றுக்கும் நெய்வேலிக்கும் உள்ள உறவு ஒரு காலத்தில் வெறும் நிலப்பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. கரியை உரமாக்கி வயலுக்கே திருப்பி அனுப்பிய ஊர் இது. அந்த உரத் தொழிற்சாலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

என் பேச்சு அந்தப் பக்கெட் வீலைப் பற்றியது. அந்தச் சக்கரம் பிறந்து வளர்ந்த நாட்டில் அதன்மேல் ஒரு நிபந்தனை உண்டு. நாம் சக்கரத்தை இறக்குமதி செய்தோம், நிபந்தனையை விட்டுவிட்டோம்.

கொலோன், ஆகன், மோன்ஷன்கிளாட்பாக் ஆகிய மூன்று நகரங்களுக்கு நடுவே ரைன்லாந்துச் சுரங்கங்கள் இருக்கின்றன. கார்ஸ்வைலர், ஹம்பாக், இண்டன் என்று மூன்று. ஹம்பாக் 400 மீட்டர் ஆழத்தைத் தொட்ட சுரங்கம். நம் சுரங்கங்கள் அதன் பக்கத்தில் பள்ளம்தான்.  

என் வாதத்துக்குத் தேவையானது அந்தக் கரிக்கு மேலே இருக்கும் மண். பனியுகத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்து படியவைத்த வண்டல் அது. லோயஸ் என்பார்கள். மாவு போன்ற நயம், சுண்ணாம்புச் சத்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணம். ஜெர்மனியிலேயே முதல் தர நிலங்களில் அதுவும் ஒன்று. கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் உருளைக்கிழங்கும் அங்கே கொழிக்கும். அந்த நிலத்தைத்தான் கரிக்காக வெட்டினார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கத்து நஞ்சை நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், வேறு நாட்டுக் கதையாகத் தோன்றாது.

அவர்களும் தொடக்கத்தில் நம்மைப்போலத்தான் செய்தார்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலந்து கொட்டி, மேட்டில் மரத்தை நட்டுவிட்டுப் போனார்கள். போருக்குப் பிறகு பசியைப் பார்த்த நாட்டில், 1950இல் ரைன்லாந்துச் சுரங்கப் பகுதிக்கென்று தனித் திட்டமிடல் சட்டம் வந்தது. எந்த ஊர் எப்போது போகும், போன இடத்தில் பிறகு என்ன வரும் என்பதை வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். 1982இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தைப் பொதுநலனுக்கு ஏற்ற பயன்பாட்டுக்குத் தயார்செய்து தருவதைச் சுரங்கக்காரரின் கடமையாக எழுதியது. கருணைத் தொகையாக அல்ல, கடமையாக.

வேலை எப்படி நடக்கிறது என்று சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சூட்சுமமெல்லாம் அதில்தான். மேல் தளத்தில் நிற்கும் பக்கெட் வீல் லோயஸை மட்டும் தனியாக வெட்டும். அது தனிக் கன்வேயரில் போகும். அடியிலுள்ள மணலும் சரளையும் வேறு கன்வேயரில் போய்க் கரி எடுத்து முடித்த பள்ளத்தை நிரப்பும். பள்ளம் நிரம்பியபின் அதன்மேல் ஸ்ப்ரெடர் என்ற மண் கொட்டும் இயந்திரம் லோயஸை வரிசை வரிசையாகக் குவிக்கும். விவசாயத்துக்குத் திரும்பும் நிலம் என்றால் 2 மீட்டர் கனம் இருக்கவேண்டும். குவியலைச் சமன்செய்ய வரும் புல்டோசருக்கு அகலமான பட்டை. மண்ணின்மேல் எடை குறைவாக விழவேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது, மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டவே கூடாது. 1960களில் இன்னொரு முறையும் இருந்தது. லோயஸைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே பாத்திகளுக்கு அனுப்பி, அங்கே படியவிட்டு, காயவிடுவார்கள். நம் ஏரியில் வண்டல் படிவதை அவர்கள் பம்பு வைத்துச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலம் தயாரானதும் விவசாயியிடம் கொடுத்துவிடுவதில்லை. முதல் மூன்று ஆண்டு குதிரைமசால். நம் கோயம்புத்தூர்ப் பக்கம் மாட்டுக்குப் போடும் அதே தீவனப் பயிர்தான். அதன் வேர் மீட்டர் கணக்கில் கீழே இறங்கும், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும், மண்புழுவுக்கு வேலை கொடுக்கும். பிறகு தானியப் பயிர். மொத்தம் ஏழு ஆண்டு அந்த நிலத்தைச் சுரங்கக் கம்பெனியே தன் செலவில், தன் விவசாய மேலாளர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். மண் சரிந்தாலும் நீர் தேங்கினாலும் விளைச்சல் படுத்தாலும் அந்த ஏழு ஆண்டின் நட்டம் கம்பெனிக்கு. அதன்பிறகுதான் நிலம் விவசாயியின் கைக்கு வரும். நிலத்தை இழந்த பலருக்குப் பணமாகக் கொடுக்காமல் மாற்று நிலமாகவே கொடுத்திருக்கிறார்கள். இந்த வழியில் ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் மீண்டும் ஏர் கண்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது ஜெர்மனிக்கு மாலை போடுவதாக நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுரங்கங்கள் பல ஊர்களை விழுங்கியிருக்கின்றன. இம்மராத் என்ற ஊரின் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்ததை உலகமே பார்த்தது. லுட்சராத் என்ற கிராமத்தில் கடைசியாக எஞ்சியிருந்த விவசாயி நீதிமன்றத்தில் தோற்று வெளியேறினார். 2023 ஜனவரியில் அங்கே கூடியிருந்த போராட்டக்காரர்களைச் சேற்றில் இழுத்துப்போய்ப் போலீஸ் அப்புறப்படுத்தியது. கரியை அந்தப் பகுதியில் 2030இல் நிறுத்துவதாக முடிவான பிறகும் அது நடந்தது. மீதமிருக்கும் பெரும் பள்ளங்களை நிரப்ப மண் போதாது. ரைன் நதியிலிருந்து குழாய் போட்டு, பல பத்தாண்டுகள் நீர் நிரப்பி ஏரியாக்கப் போகிறார்கள். அத்தனையும் வயலாகத் திரும்பாது. திரும்பிய வயலிலும் மண் இறுகிப்போவது அவர்களுக்குத் தீராத தலைவலி.

லுட்சராத்துக்கு ஆறு மாதம் கழித்து, அதே 2023 ஜூலை 26 அன்று, இங்கே மேல்வளையமாதேவியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பரவனாற்றை மாற்றிவிடக் கால்வாய் வெட்ட, போலீஸ் காவலோடு மண்வெட்டி இயந்திரங்கள் நெல் நின்ற வயலில் இறங்கின. நிலம் 2006க்கும் 2013க்கும் இடையில் முறைப்படி எடுத்தது, பயிர் வைக்கவேண்டாம் என்று எச்சரித்திருந்தோம், மழைக்குமுன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் இறங்கும் என்பது கம்பெனியின் வாதம். பத்து ஆண்டுக்குமேல் கையில் எடுக்காத நிலத்தில் உழாமல் என்ன செய்வது, கதிர் வரும்வரை பொறுக்கக்கூடாதா என்பது விவசாயிகளின் வாதம். உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. கலவரம், கல்வீச்சு, கைது என்று அந்த வாரம் போனது.

நான் அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த வயலின் மேல்மண் எங்கே போனது? கால்வாய்க் கரையானதா, மேட்டில் கலந்ததா, யாராவது எடுத்துவைத்தார்களா? இரு தரப்பின் மனுவிலும் பணம் இருந்தது, நிலம் இருந்தது, வேலை இருந்தது. மண் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களை உங்கள் முன் வைக்கிறேன். இரண்டும் 2013 செப்டம்பரில், ஒரே மாதத்தில் அரசிதழில் வந்தவை. ஒன்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ரேஷன் அரிசிச் சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசியில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவு உற்பத்திக்கான நிலத்தையும் நீரையும் தேவையின்றி வேறு வேலைக்குத் திருப்புவதைத் தடுக்க அரசுகள் முயலவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அட்டவணையில் இருப்பதால் அதற்குப் பல் கிடையாது, நோக்கம் மட்டும்தான். இரண்டாவது, மத்திய அரசின் நில எடுப்புச் சட்டம். அதன் 10ஆம் பிரிவுக்குத் தலைப்பே உணவுப் பாதுகாப்பைக் காப்பதற்கான சிறப்பு ஏற்பாடு என்பது. பாசனமுள்ள பலபோக நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்கவேண்டும். எடுத்தால் அதே அளவு தரிசை விளைநிலமாக்கவேண்டும், அல்லது அந்த நிலத்தின் மதிப்புக்குச் சமமான பணத்தை விவசாய முதலீட்டுக்காக அரசிடம் கட்டவேண்டும்.

நல்ல பிரிவு. ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி. 2014இல் திருத்தம் போட்டு அந்தச் சட்டத்தை மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவைத்தார்கள், இழப்பீடும் மறுகுடியமர்வும் மட்டும் மத்தியச் சட்டப்படி என்றார்கள். 2019இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. இந்தப் போக்குவரத்தில் 10ஆம் பிரிவு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. டெல்டாவுக்கு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தின் சில ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டது. 2023இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு பெயர்கள் வந்து, எதிர்ப்புக் கிளம்பி, ஏப்ரலில் நீக்கியதற்கும் இந்தச் சட்டம் ஒரு காரணம். எடுக்காதே என்று சொல்ல நமக்குச் சட்டம் வந்துவிட்டது. எடுத்த நிலத்தைத் திருப்பி வயலாக்கு என்று சொல்லத்தான் வரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஏக்கருக்கு 2 டன் நெல் என்று குறைத்தே வைப்போம். அரைத்தால் ஏறத்தாழ 1,300 கிலோ அரிசி. ரேஷன் அட்டைக்கு மாதம் 20 கிலோ என்றால் ஆண்டுக்கு 240. ஆக ஒரு ஏக்கர், ஒரு போகத்தில், ஐந்து குடும்பத்தின் ரேஷன் அரிசி. சம்பா அறுவடைக்குச் சற்று முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தை நான் சேர்க்கவில்லை. ஆயிரம் ஏக்கர் போனால் ஐயாயிரம் அட்டை. அந்த அரிசி ரேஷன் கடைக்கு வராமல் போய்விடாது, வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் வரும். அந்த மாவட்டத்திலும் ஏதாவது தோண்டாமல் இருந்தால் வரும்.

சரி, ரைன்லாந்து முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து போடலாமா? கூடாது. மண்ணோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

அவர்களுடைய எதிரி மண் இறுகுவது. நெல்லுக்கு மண் இறுகவேண்டும், ஆனால் சரியான ஆழத்தில். நடவு வயலில் கால் வைத்தால் கணுக்கால் தாண்டிப் போய் ஓரிடத்தில் பாதம் நிற்கும். அதற்குக் கீழே போகாது. அந்தத் தளம் இயற்கையாக வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு உழுது, பரம்படித்து, மாடும் மனிதனும் மிதித்து உண்டானது. அது இருப்பதால்தான் கட்டிய தண்ணீர் நிற்கிறது. அதை ஒருமுறை பெயர்த்துவிட்டால், மேல்மண்ணை எவ்வளவு பத்திரமாகத் திருப்பிப் போட்டாலும் தண்ணீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடும். ஆகவே இங்கே 2 மீட்டர் வண்டல் வேண்டாம். அரை மீட்டர் நல்ல மேல்மண், அதற்கடியில் பரப்பி இறுக்கிய களிமண், இதுவே நமக்கு வேண்டும். களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, சுரங்கத்தில் கரிக்கு மேலுள்ள அடுக்குகளிலேயே இருக்கிறது. வெட்டு முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே செம்மண், கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்கல், நடுநடுவே களி, கடைசியில் கரி. நிறத்தைப் பார்த்தே பிரிக்கலாம். பிரிக்காமல் ஒரே பெல்ட்டில் போட்டுக் கொட்டுவதால்தான் மேட்டில் செம்மண்ணும் களியும் கட்டாந்தரையாகக் கலந்து கிடக்கின்றன.

இன்னொன்று மழை. அவர்களுக்கு ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர்போல, பன்னிரண்டு மாதமும் தூறலாக. நமக்கு 1,200க்குப் பக்கம், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். புதிதாகப் போட்ட மண் நம் ஊர் அடைமழையில் ஒரே இரவில் வாய்க்காலுக்குப் போய்விடும். அதனால் நமக்குக் குதிரைமசால் சரிவராது. புரட்டாசிக்குமுன் தக்கைப்பூண்டும் சணப்பும் எழுந்து நிற்கவேண்டும், செம்மண் பக்கம் கொழுஞ்சி. நெய்வேலிக்கு வடக்கே பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மண்ணும் தெற்கே நஞ்சையும் ஒரே சூத்திரத்துக்கு அடங்காது. சுரங்கத்துக்கு அடியில் இருக்கும் ஊற்றழுத்த நீர் வேறு. கரி எடுக்க அந்த அழுத்தத்தைக் குறைத்தாகவேண்டும், இரவுபகலாக இறைத்து வெளியே விடுகிறார்கள். அந்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் போகிறது என்பதும் உண்மை, சுற்றுக் கிராமங்களில் கிணறும் ஆழ்குழாயும் கீழே போய்விட்டன என்ற புகாரும் உண்மை. திரும்ப வயலாக்கும் நிலத்துக்கு எந்தத் தண்ணீர் என்பதை மண்ணுக்கு முன்பே பேசியாகவேண்டும்.

இதெல்லாம் வெறும் யோசனை என்று சொல்லாதீர்கள். இந்தக் கம்பெனியே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கழிவுமண் மேட்டில் நெல் உட்படப் பயிர் வைத்துப் பார்த்திருக்கிறது. தொழு உரம், பசுந்தாள், நுண்ணுயிர் உரம், லிக்னைட்டிலிருந்தே எடுத்த ஹியூமிக் அமிலம் என்று பலதையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விளைந்திருக்கிறது. நான் அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அது மாதிரிப் பண்ணை. விருந்தினர் வந்தால் காட்டுகிற இடம். மாதிரிப் பண்ணைக்கும் கடமைக்கும் உள்ள தூரத்தைத்தான் ரைன்லாந்து கடந்தது. அங்கே எந்த மேலாளருக்கும் நிலத்தைத் திருப்பித் தர மனம் வந்ததால் அது நடக்கவில்லை. தராவிட்டால் அடுத்த பகுதியை வெட்ட அனுமதி கிடைக்காது என்பதால் நடந்தது.

நம் நாட்டிலும் 2009இலிருந்து சுரங்க மூடல் திட்டம் கட்டாயம். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அப்போதைய விலையில் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அன்று கணக்கிட்டார்கள், அதற்கான தொகையை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டுவரவேண்டும். பணத்துக்கு வழி இருக்கிறது. அந்தப் பணத்தில் நாடு முழுக்க என்ன செய்கிறார்கள்? மரம் நடுகிறார்கள். மரம் நட்டால் எண்ணிக்கை வரும், படம் எடுக்கலாம், பத்து வருடத்தில் பச்சையாகத் தெரியும். நஞ்சையை எடுத்துத் தோப்பாகத் திருப்பித் தருவது, நிலக்கணக்கில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். சோற்றுக்கணக்கில் பார்த்தால் நட்டம்.

கியூபாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் இங்கே இருக்கும் தோழர்கள் விடமாட்டார்கள். 1991இல் சோவியத் நாடு கலைந்ததும் அவர்களுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் பூச்சிமருந்தும் நின்றன. டிராக்டரை ஓரம்கட்டிவிட்டுக் காளையைப் பூட்டினார்கள். ஹவானாவின் காலி மனைகளில் பாத்தி கட்டிக் கீரையும் தக்காளியும் போட்டார்கள். நகரத்துக் காய்கறித் தேவைக்கு அது நன்றாகவே கைகொடுத்தது. அரிசிக்கு? இன்றும் கப்பலைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்து இலங்கை 2021இல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடைசெய்து, அந்த ஆண்டு முடியுமுன்பே உத்தரவைத் திரும்பப் பெற்றது, ஆனாலும் நெல் விளைச்சல் சரிந்தது. கியூபா வேறு வழியில்லாமல் செய்ததை அவசரமாகச் செய்யப்போய் நெருக்கடியைப் பெரிதாக்கிக்கொண்ட கதை. நகரியத்துக் குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றின் பின்புறமும் முருங்கையும் மாவும் பலாவும் நிற்கின்றன, அதில் ஹவானாவுக்கு நீங்கள் பாடம் எடுக்கலாம். அதைத் தாண்டி நெல் விஷயத்தில் கியூபா நமக்கு உதவாது.

கடைசியாக, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. அந்தக் கூட்டங்களில் கேட்கும் கோரிக்கை எல்லோருக்கும் மனப்பாடம்: நிரந்தர வேலை, உயர்ந்த இழப்பீடு, மாற்று மனை. எல்லாம் நியாயமானவை, கைவிடச் சொல்லவில்லை. அவற்றோடு மண்ணையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். எடுக்கப்போகும் நிலத்தின் மேல்மண் எவ்வளவு ஆழம், எங்கே தனியாகச் சேமிப்பீர்கள், எந்த ஆண்டு எந்தச் சர்வே எண்ணில் திரும்பப் போடுவீர்கள் என்று மூடல் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். சேமித்த மண்ணை மலைபோலக் குவித்துப் பல வருடம் வைத்தால் உள்ளே உயிர் செத்துவிடும். தாழ்வாக, அகலமாகக் குவித்து, மேலே பயறு வகை ஏதாவது விதைத்துவைக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கருக்கு அரை மீட்டர் மேல்மண் என்றால் ஏறத்தாழ 2,000 கன மீட்டர். உங்கள் 1,400 லிட்டர் பக்கெட் கொண்ட சக்கரத்துக்கு அது அரை ஷிஃப்ட் வேலைகூட இல்லை. பிரச்சினை சக்கரத்தில் இல்லை, அந்த மண் போகத் தனிப் பெல்ட்டும் கொட்டத் தனி இடமும் முன்கூட்டியே ஒதுக்குவதில் இருக்கிறது. அதைத் திட்டத்தில் போடுகிறவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருப்பீர்கள்.

இதைத் தொடங்க நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் நிரப்பிய பகுதியில் முதலில் ஐம்பது ஏக்கர் போதும். களித்தளம் இறுக்கி, மேல்மண் போட்டு, வரப்புக் கட்டி, சுரங்கத்து நீரைப் பரிசோதித்துப் பாய்ச்சி, ஏழு ஆண்டு நட்டத்தைக் கம்பெனி ஏற்று, கூலிக்கு ஆள் வைக்காமல் நிலம் கொடுத்த குடும்பங்களையே சம்பளத்துக்கு வைத்துப் பயிர் செய்யவேண்டும். எட்டாம் ஆண்டு நிலத்தை அவர்கள் பெயரில் குத்தகைக்கோ பட்டாவுக்கோ மாற்றவேண்டும். அந்த ஏழு ஆண்டும் விளைந்த நெல்லை, ஆண்டறிக்கையில் மின்சார யூனிட் கணக்குக்கு அடுத்த பக்கத்தில், மூட்டைக் கணக்கில் அச்சிடவேண்டும். படுத்துப்போன ஆண்டையும் சேர்த்து.